எக்ஸ்ரே பார்ப்பது எப்படி? (பயப்படாம!)

நெஞ்சு எக்ஸ்ரே கைக்கு வந்ததும் நம்மாளுங்க செய்யற முதல் வேலை, கவரைப் பிரிச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கறது. ரெண்டாவது வேலை, வெள்ளையா எதைப் பார்த்தாலும் பயப்படறது :-)

அடிப்படை ரொம்ப எளிசு. காத்து கறுப்பு, எலும்பு வெளுப்பு, தசையும் தண்ணியும் ரெண்டுக்கும் நடுவுல. நுரையீரல் முழுக்க காத்து, அதனால கறுப்பு. காத்து இருக்க வேண்டிய இடத்துல சளியோ சீழோ புகுந்தா வெளுக்கும். இன்னொண்ணு, படத்துல இருக்கறவர் நம்மைப் பார்த்து நிக்கறார்னு வெச்சுக்கங்க. அவரோட வலது, நமக்கு இடப்பக்கம்.

நோயைத் தேடறதுக்கு முன்னாடி படம் ஒழுங்கா விழுந்திருக்கான்னு பார்க்கணும். மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சிருந்தா பின்பக்க விலா எலும்பு 9, 10 எண்ண முடியும். அரைகுறையா இழுத்திருந்தா நல்ல நுரையீரலும் அடியில வெளுத்துத் தெரியும். பெரியவங்களுக்கு இதயத்தோட அகலம் மார்புக்கூட்டு அகலத்துல பாதியைத் தாண்டக்கூடாது. ஆனா இந்தக் கணக்கு, முதுகுப் பக்கமிருந்து கதிர் பாய்ச்சி எடுத்த படத்துக்குத்தான். படுக்கையில இருக்கறவங்களுக்கு முன்பக்கமிருந்து எடுப்பாங்க, அதுல இதயம் பெரிசாத்தான் விழும். வலது உதரவிதானம் சற்று மேலே இருந்தாலும் கோளாறு இல்லை. கீழே கல்லீரல் இருக்கே!

எங்கப்பாவுக்கு 3 வாரமா விடாத இருமல். நான் படத்தைப் பார்த்தப்போ பளிச்சுனு எதுவும் தெரியலை. டாக்டர் வரிசை மாறாம பார்த்தார்: மூச்சுக்குழாய், ரெண்டு நுரையீரல், இதயம், உதரவிதானம், எலும்பு. அப்புறம் எல்லாரும் கோட்டை விடற இடங்கள்: காறை எலும்புக்குப் பின்னால, இதயத்துக்குப் பின்னால, உதரவிதானத்துக்குக் கீழே. வலது காறை எலும்புக்குப் பின்னால மங்கலா ஒரு திட்டு. பெரியவங்களுக்குக் காசநோய் அதிகமா குடியேறுற இடம் நுரையீரலோட உச்சிதானாம். "படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், உறுதியா சொல்றது சளிதான்"னு பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோயேதான். 6 மாசம் மாத்திரை, முழு குணம்.

அதனால பழைய படத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆறிப்போன தழும்பும் புதுத் திட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் எது புதுசுன்னு தெரியும். முக்கியமா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நிக்கலைன்னா, வீட்டுல உட்கார்ந்து படத்தை ஆராயாம போய் சளியைக் கொடுத்துட்டு வாங்க. அரசு மருத்துவமனையில காசு கிடையாது.