டிவி மானிட்டராகுமா?



இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மூணு பேருக்கு வாயாலேயே பதில் சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் கேட்டதும், சரி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கேள்வி இதுதான்: "வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனியா மானிட்டர் எதுக்குடா? ஸ்மார்ட் டிவி ஒண்ணு வாங்கி மாட்டிட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிடுமே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அப்பாவுக்கு ஐடியாவும் கொடுத்தேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு முழம் பார்டர்.

முதலில் ஊரைப் பற்றி ரெண்டு வரி. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் கூரம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். கல்வெட்டு, செப்பேடு என்று அலைகிறவர்களுக்கு முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு தெரியும். மற்றவர்களுக்கு "காஞ்சிபுரம் பக்கத்துல" என்று சொன்னால் போதும், உடனே "பட்டுப்புடவை சீப்பா கிடைக்குமா?" என்று கேட்பார்கள். கிடைக்காது :-)

அப்பா தறிக்கு டிசைன் போடுகிறவர். அந்தக் காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பியவர், இப்போது அதையே கம்ப்யூட்டரில் செய்கிறார். தாளில் ஒரு கட்டம் என்பது தறியில் பாவும் ஊடையும் சந்திக்கிற ஒரு இடம். கட்டம் நிரம்பியிருந்தால் அந்த இடத்தில் ஜரிகை மேலே தெரியும், காலியாக இருந்தால் தெரியாது. டிசைன் முடிந்ததும் அட்டை அடிக்கப் போகும். கட்டத்துக்கு ஏற்ப அட்டையில் ஓட்டை. அட்டையை ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் எந்த இழை தூக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த முறை. அதே அட்டை யோசனையைத்தான் பின்னால் சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஆகவே கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் தூரத்துச் சொந்தம் என்று வகுப்பில் நான் அடிக்கடி பீற்றிக்கொள்வது உண்டு.

சரி, கதைக்கு வருவோம். எங்கள் பழைய மானிட்டர் ஒரு நாள் பாதித் திரையில் கோடு விட்டது. மறுநாள் முழுசாகக் கண்ணை மூடியது. அதே சமயம் ஹாலில் இருந்த டிவியும் ஜன்னி கண்டவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. 2006-ல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோது வந்த 14 இஞ்ச் பெட்டி எங்கள் வீட்டில் ரொம்ப நாள் உழைத்தது. அதற்குப் பின் வந்த டிவி அந்த அளவுக்கு உழைக்கவில்லை. ஆக ரெண்டு திரை வாங்க வேண்டும், காசு ஒன்றுக்குத்தான் இருந்தது.

"அப்பா, 32 இஞ்ச் ஸ்மார்ட் டிவி ஒண்ணு வாங்கிடலாம். எச்டிஎம்ஐ வயர் போட்டா கம்ப்யூட்டர். ரிமோட் எடுத்தா டிவி. உங்களுக்கும் பெருசா தெரியும், கண்ணுக்கு நல்லது."

"நீ படிச்சவன். சரின்னா சரி" என்றார். இந்த ஒரு வரிதான் இன்றுவரை குத்துகிறது.

கடையிலும் "மானிட்டராவும் போட்டுக்கலாம் தம்பி, நெறைய பேர் போடறாங்க" என்றார்கள். வாங்கி வந்து மேஜையில் வைத்து வயரைச் சொருகினேன். அடேங்கப்பா, என்ன பெரிசு! அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் சிக்கல் அன்றைக்கே வந்தது. திரையின் ஓரம் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. கீழே ஸ்டார்ட் பட்டன் பாதிதான் தெரிந்தது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக வராது என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைத்துவிடுவார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டிவியின் பட அளவு அமைப்பில் தேடி அதைச் சரிசெய்தேன். பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டாவது சிக்கல் எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் ஆளைச் சாய்த்தது.

அப்பா ஒரு அன்னப் பார்டர் போட்டார். எப்போதும் பெரிதாக்கிப் பார்த்து வரைவார், கடைசியில் உள்ள அளவில் வைத்து முழு டிசைனையும் ஒரு தடவை கண்ணை ஓட்டுவார். ஓட்டினார். நன்றாகத்தான் தெரிந்தது. அட்டை அடித்தாயிற்று, தறி ஏறியாயிற்று. ஒரு முழம் ஓடிய பிறகு நெய்கிறவர் போன் பண்ணினார். "அண்ணே, அன்னத்துக்கு கழுத்து அறுந்துருக்கு." ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்துக் கோட்டில் ஒரு கட்டம் காலி. ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு முழத்தின் ஊடையை அவர் இழை இழையாக உருவினார். உருவிய ஜரிகை திரும்ப உதவவில்லை. அந்த அட்டைகளைப் புதிதாக அடிக்க அப்பா கைக்காசைப் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கண்ணு போயிடுச்சு போல" என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

கூரத்தாழ்வான் தன் குரு ராமானுஜருக்குப் பதிலாகச் சோழன் சபைக்குப் போய்க் கண்ணை இழந்தார் என்பது வைணவ மரபு. அந்த ஊர்க்காரர் ஒருவர், மகன் பேச்சைக் கேட்டுக் கண் போச்சு என்று சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த டிவியைக் குடைந்தேன்.

கண்டுபிடித்தது இது. டிவி "எச்டி ரெடி" வகை. அதாவது குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். ஆனால் கம்ப்யூட்டரிடம் 1920×1080-ஐ வாங்கிக்கொள்கிறது. விண்டோஸும் 1920×1080 என்றே காட்டியது. நானும் நம்பினேன். உள்ளே நடப்பது வேறு: ஏழு புள்ளியை ஐந்து புள்ளிக்குள் அமுக்குகிறது. அமுக்கும்போது ஒரு புள்ளி அகலக் கோடு சாம்பலாகிறது, ஒரு புள்ளி இடைவெளியும் சாம்பலாகிறது. கழுத்து அறுந்த இடமும் அறாத இடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அப்பா கண் போகவில்லை. அந்தக் கட்டம் திரையிலேயே ஒழுங்காக இல்லை.

அடுத்து ஒரு கணக்குப் போட்டேன். நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய சின்னக் கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்பார்கள். மேஜையில் உட்காரும் 60 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.17 மி.மீ. கட்டிலில் சாய்ந்து பார்க்கும் இரண்டரை மீட்டரில் சுமார் 0.73 மி.மீ. இப்போது திரைகளின் புள்ளி அகலத்தைப் பாருங்கள்:

32 இஞ்ச் எச்டி ரெடி: 0.52 மி.மீ.
32 இஞ்ச் ஃபுல் எச்டி: 0.37 மி.மீ.
24 இஞ்ச் ஃபுல் எச்டி: 0.28 மி.மீ.
43 இஞ்ச் 4கே: 0.25 மி.மீ.
32 இஞ்ச் 4கே: 0.18 மி.மீ.

அதாவது எங்கள் டிவி மோசமான டிவி இல்லை. கட்டிலில் இருந்து பார்த்தால் அதன் புள்ளி கண்ணுக்கே தெரியாது, அருமையான படம். மேஜையில் வைத்தால் அதே பெட்டி கொசுவலை. பொருளில் தப்பில்லை, அதை வைத்த தூரத்தில்தான் தப்பு. நான் இஞ்ச்சை மட்டும் பார்த்தேன். பார்க்க வேண்டியது இஞ்ச்சும் புள்ளியும் தூரமும், மூணும் சேர்த்து.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 மாதிரியான வீட்டுக் கம்ப்யூட்டர்களை டிவியில்தான் சொருகினார்கள். ஸ்பெக்ட்ரம் ஒரு வரியில் 32 எழுத்தும், கமடோர் 40 எழுத்தும் காட்டின. விளையாட அது போதும். ஆனால் 1981-ல் வந்த ஐபிஎம் பிசி அலுவலக வேலைக்கு வரிக்கு 80 எழுத்து வைத்தது, அதற்குத் தனி மானிட்டரும் கொடுத்தது. 80 எழுத்தை அன்றைய டிவி காட்டினால் படிக்க முடியாது.

சரி, அப்படியானால் டிவியை மானிட்டராக்கவே கூடாதா? ஆக்கலாம். சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பெட்டியில் எழுதியிருக்கும் உண்மையான புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 32 இஞ்ச்சில் "எச்டி ரெடி" என்றால் மேஜைக்கு வேண்டாம். 43 இஞ்ச் 4கே என்றால் புள்ளி நுணுக்கம் 24 இஞ்ச் மானிட்டரைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். ஆழமான மேஜை இல்லாவிட்டால் டென்னிஸ் பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரெண்டு, நிறம். சினிமா அனுப்பும்போது வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைக் குறைத்தும் அனுப்புவார்கள், 4:2:0 என்று பெயர். முகங்களுக்கும் மரங்களுக்கும் அது தெரியாது. சிவப்பு எழுத்து, நீலக் கோடு எல்லாம் அதில் ஓரம் கசியும். கம்ப்யூட்டருக்கு 4:4:4 வேண்டும். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு "பிசி" என்று பெயர் மாற்றினால்தான் அது கிடைக்கும்.

மூணு, தாமதம். படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மவுஸ் சேற்றில் நடக்கிற மாதிரி ஆகிவிடும். "கேம் மோட்" போட்டால் பெரும்பாலும் சரியாகும். பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் வரும், அதுவும் இழுக்கும்.

அப்புறம் இன்னொரு ஜாதி இருக்கிறது, ஸ்மார்ட் மானிட்டர். சாம்சங் 2020 கடைசியில் எம்5, எம்7 என்று அறிவித்தது, எல்ஜியும் தயாரிக்கிறது. மானிட்டரின் உடம்பில் டிவியின் மூளை. கம்ப்யூட்டரைப் போடாமலேயே படம் பார்க்கலாம். ஹாஸ்டலில், தனி அறையில் இருக்கிற ஆளுக்கு நல்ல யோசனை. ஆனால் இங்கேயும் 32 இஞ்ச்சில் ஃபுல் எச்டியும் உண்டு, 4கேயும் உண்டு. மேலே உள்ள கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டுச் செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டும்தான் என்றால் அதைச் சொருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூளை உள்ள திரைக்கு வேறு ரெண்டு தொல்லையும் உண்டு. மூளை முதலில் கிழடாகும். 2019 டிசம்பரில் சில பழைய ஸ்மார்ட் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று, திரை நம்மைப் பார்ப்பது. பார்க்கிறவர்களிடம் சொல்லாமல் என்ன பார்க்கிறார்கள் என்று சேகரித்ததாக அமெரிக்காவில் விசியோ நிறுவனம் மீது வந்த புகார், 2017-ல் 22 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. டிவிக்குள் ஓடும் படத்தை மட்டும் இல்லை, வயரில் வருவதையும் இப்படி அடையாளம் காண முடியும். வேலை செய்கிற திரையில் அந்த அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வேறு. அப்பா டிசைன் போடுவது ராத்திரி எட்டு மணிக்கு மேல். அம்மா நாள் முழுக்க உழைத்துவிட்டு உட்காருவதும் அதே நேரம்தான். அந்த ரெண்டு மாசம் அம்மா சீரியலே பார்க்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவும் இல்லை. ரெண்டு வேலையும் செய்யும் திரை, ஒரே நேரத்தில் ரெண்டு வேலை செய்யாது. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ச் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு. ஊரே தள்ளி உட்கார்ந்து கதை கேட்க ஒரு இடம். தறியோ, ஒரு ஆள் குழியில் காலை விட்டுக் குனிந்து இழை பார்க்கிற இடம். ரெண்டும் ஊருக்கு வேண்டும். மண்டபத்தில் யாரும் தறி போடவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் சாதாரண 24 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்கினேன். எந்த ஆப்பும் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. டிவி ஹால் சுவருக்குப் போய்விட்டது. மானிட்டரைப் போட்டதும் அப்பா முதலில் திறந்தது அந்தப் பழைய அன்னப் பார்டர் கோப்பைத்தான். உள்ள அளவில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுத்தில் இருந்த அந்த ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"தெரியுதுடா" என்றார்.