பம்ப் வீட்டுக்குப் போன கதை

ஹாஸ்டலில் என் பெயர் 'பம்ப்'. மெக்கானிக்கல் மாணவனுக்குப் பொருத்தமான பெயர்தானே என்று நினைக்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது!

பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். ஷிப்ட் முடிந்ததும் லாக் புக் எழுத வேண்டும். பம்ப்பை ரிப்பேர் செய்த பிட்டர் வீட்டுக்குப் போய்விட்டார் என்ற சேதியை, 'த பிட்டர் ரிப்பேர்டு த பம்ப் வென்ட் ஹோம்' என்று எழுதி வைத்தேன். மறுநாள் இன்ஜினீயர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"ஏம்பா, பம்ப் எந்த பஸ்ஸுல வீட்டுக்குப் போச்சு?"

ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனா நகராது. ரெக்கார்டு நோட்டைக்கூட நண்பனைப் பார்த்துத்தான் எழுதினேன்.

கடைசியில் எங்கள் ஆங்கில விரிவுரையாளர் முன் போய் நின்றேன். "சார், 'த புக் ஐ பாட்'னா 'நான் வாங்கின புத்தகம்'. அதுல 'விச்'சும் இல்ல, 'தட்'டும் இல்ல. அது சரின்னா, என்னோடது மட்டும் ஏன் சார் தப்பு?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் தமிழில் எழுதினார்: 'பிட்டர் ரிப்பேர் செய்தார்', 'ரிப்பேர் செய்த பிட்டர்'.

"பாருப்பா, தமிழ்ல வினைச்சொல்லே மாறிடுது. 'செய்தார்'னா வாக்கியம் முடிஞ்சுது. 'செய்த'ன்னா இன்னும் ஒரு பெயர் வரணும். அதான் பெயரெச்சம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே 'ரிப்பேர்டு'தான். 'ஹூ' போடலைன்னா, வாக்கியம் முடிஞ்சுதுன்னு படிக்கிறவன் நினைச்சுடுவான். மிச்சம் இருக்கிற 'வென்ட் ஹோம்' பம்ப் தலையில விழும்! 'த புக் ஐ பாட்'ல அந்த ஆபத்து இல்ல. புக்கை அடுத்து 'ஐ' வந்ததுமே, யாரோ புதுசா உள்ளே வர்றாங்கன்னு தெரிஞ்சிடுது."

பிறகு சொன்னதுதான் மருந்து. "ஷேக்ஸ்பியர் காலத்துல, 400 வருஷம் முன்னாடி, உன்னை மாதிரியே 'ஹூ'வை விட்டுட்டு எழுதியிருக்காங்க. அவர் நாடகங்கள்லயே இருக்கு. இன்னிக்கும் இங்கிலாந்துல சாதாரணப் பேச்சுல, 'தேர்ஸ் எ மேன் வான்ட்ஸ் டு சீ யூ'ன்னு சொல்றவங்க உண்டு. ஆனா லாக் புக்குல கூடாது."

நான் பிடித்துக்கொண்ட சூத்திரம் இதுதான். விடப்போகும் சொல்லை அடுத்து 'ஐ', 'ஹீ', 'த பிட்டர்' என்று ஓர் ஆள் நின்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். நேராக வினைச்சொல் வந்தால் 'ஹூ', 'விச்', 'தட்' ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும்.

தமிழ் மீடியம் நண்பர்களே! நம் தப்புக்குள்ளே நம் தாய்மொழியின் இலக்கணம் ஒளிந்திருக்கிறது. யாரோ சிரித்தார்கள் என்று பேனாவை மூடிவிடாதீர்கள். ஏன் தப்பு என்று ஒருவரிடமாவது கேளுங்கள்.

என் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பிட்டர்தான் வீட்டுக்குப் போகிறார். பம்ப் ஷெட்டிலேயே இருக்கிறது!