காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பனங்கூடல்களினிடையே வாழ்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். ஆயினும், ஊசி ஏற்றிய மறுநாள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்நியாயத்தை ஓதுதல் கொடுமை. அவள் கண்டதும் ஒரு சான்றே. முடிபு அன்று, அவ்வளவே.

2008 சனவரியில் ஐங்கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் வழக்கிற்கு வந்தது. அதனை ஏற்றிக்கொண்ட குழந்தைகள் சிலர் இறக்கவே, ஏப்பிரலில் அரசு அதனை நிறுத்திற்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஊசி காரணமாயிருத்தல் அரிது என்றது. 2010இல் அவ்வூசி மீண்டும் வந்தது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி இடப்படுகின்றது. பிற காரணங்களாலும் அப்பருவத்தில் குழந்தைகள் இறப்பதுண்டு. எனவே, ஊசி ஏற்றாத குழந்தைகளிடையும் அத்தகைய மரணங்கள் எத்துணை என்று ஒப்பிடாது காரணம் துணிதல் இயலாது. அதுவரை நிறுத்தி வைத்தமை கோழைமை அன்று. பின்னர்ச் சொன்ன சொல்லுக்கு அதுவே பிணையாயிற்று.

சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொள்ளும். புள்ளிவிவரத்தைத் தாமே ஆராய வல்லார் சிலர். ஏனையோர்க்கு (பேராசிரியர்களும் இதில் அடங்குவர்) உரையே துணை. உரைப்பவர் ஆப்தராதல் வேண்டும். ஆப்தர் யார்?

1990களில், போலியோச் சொட்டு மருந்து வழங்கும் நாள்களில் இருதரப்பும் போரை நிறுத்தி வழிவிட்டன. கொழும்பின் சொல்லை ஐயுற்ற குடாநாட்டிலும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கி வந்தனர். அவர்கள் நம்பியது அறிக்கையை அன்று. வீடுதேடி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்த குடும்பநல மாதினை. முன்னைய ஊசியின்பின் காய்ச்சல் கண்டதா, வலிப்பு வந்ததா என வினவிப் பதிவேட்டில் எழுதுபவரும் அவரே.