தோமையார் காட்டிய வழியில்

ஸ்பெயின் நாட்டின் பூர்கோஸ் பகுதியிலே சீலோஸ் என்னும் சிற்றூரில் பழமையான துறவு மடம் ஒன்று உண்டு. அதன் உள்முற்றத் தாழ்வாரத்தில், ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பெற்ற கற்சிற்பம் ஒன்று நிற்கிறது. உயிர்த்த ஆண்டவரின் விலாவை நோக்கித் தோமையார் விரலை நீட்டுகிறார். மற்றத் திருத்தூதர்கள் வரிசையாய் நின்று நோக்குகின்றனர்.

தடித்த சுவர், சிறு சாளரம், அரைவட்ட வளைவு ஆகியவை கொண்ட இத்தகைய ரோமானியப் பாணிக் கோயில்கள் அந்நாட்டின் வடபகுதியில் மிகப் பல. அவற்றுள் சில, திருத்தூதர் யாகப்பரின் கல்லறையை நாடிக் கொம்போஸ்தெலாவுக்கு நடந்த திருப்பயணிகளின் வழியிலேயே எழுந்தவை. நம் பாட்டன்மார் தாங்கிய சந்தியாகு என்ற பெயரும் அந்த யாகப்பருடையதே.

சீலோஸ் சிற்பத்தின் படத்தை ஒரு ஞாயிறன்று பங்கு மக்களுக்குக் காட்டினோம். மூதாட்டி ஒருவர், "சாமி, அவ்வளவு தூரம் போக நம்மால் ஆகுமா? தோமையார் நம்ம ஊருக்கே வந்தவராச்சே!" என்றார். நாம் வெட்கினோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிழைக்க வந்த நம் குடும்பங்களுள் பல, ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்பவை. அருகிலுள்ள பழவேற்காட்டையோ அவற்றுள் பெரும்பாலானவை கண்டதில்லை.

அச்சமயம் நம் பங்கில் வேறொரு பேச்சும் நடந்தது. ஓடு வேய்ந்த நம் சிற்றாலயம் மழைக்கு ஒழுகியது. அதை இடித்துவிட்டுப் பெரிதாய்க் கட்டலாம் என்று முதலில் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. முடிவெடுக்குமுன் பழைய ஆலயங்கள் சிலவற்றைப் பார்த்து வருவோம் என்று புறப்பட்டோம்.

முதற் பயணம் பழவேற்காட்டுக்கு. பொன்னேரி இரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தேறினால், உப்பங்கழிக் கரையை அடையலாம். போர்ச்சுக்கீசியர் 1515-இல் அன்னை மரியாளுக்கு அங்கே ஆலயம் எழுப்பினர். இன்று மக்கள் மகிமை மாதா என்று அழைக்கின்றனர். பின்வந்த டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்திரியாக் கோட்டை அழிந்துபோயிற்று. அவர்களுடைய கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கண்டு பிள்ளைகள் அஞ்சினர். "1515-ஆம் ஆண்டுச் சுவர் எங்கே, சாமி?" என்று ஒரு சிறுவன் கேட்டான். இன்று அங்கு நிற்பது புதிய ஆலயம். காட்டுதற்கு நம்மிடம் சுவர் இல்லை. ஆயினும் மக்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். கல் மாறினும் செபம் மாறவில்லை என்றே அவனுக்கு விடை சொன்னோம். விடை சரிதான், எனினும் அவன் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

அடுத்த விடுமுறையில் சென்னைக்கு இரயிலேறினோம். மயிலையின் பிரகாச மாதா ஆலயத்தில் 1516 எனப் பொறித்த கல்வெட்டு உண்டு. திசை தெரியாது கடலில் தவித்த மாலுமிகளுக்கு ஒளி வழிகாட்டிய இடம் என்பது மரபு. மரங்கள் அடர்ந்திருந்த காலத்துப் பெயரால் இன்றும் அதனைக் காட்டுக்கோயில் என்பர்.

பரங்கிமலையில் 1523-இல் எழுந்த சிற்றாலயத்தின் பீடத்திலே, 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துக்கள். வெயில் ஏறுமுன் படியேறுவது முதியோர்க்கு நல்லது.

இறுதியாகச் சாந்தோம் சென்றோம். அங்கே போர்ச்சுக்கீசியரின் பழைய ஆலயத்தை அகற்றிவிட்டுத்தான் 1896-இல் இன்றைய பேராலயம் எழுந்தது. ஆனால் திருத்தூதரின் கல்லறையை அவர்கள் விடவில்லை. அதையே நடுவாக வைத்துக் கட்டினர். புதிது கட்டுவது குற்றமன்று. எதை விடக்கூடாது என்று அறியாமல் கட்டுவதே குற்றம் என்பது அக்கல்லறை முன் நமக்கு விளங்கிற்று.

ஊர் திரும்பியபின் பங்குக் குழு கூடிற்று. நீண்ட வாதத்துக்குப் பின், சிறிய வேறுபாட்டில் முடிவாயிற்று: ஓடுகளை மாற்றிச் சிற்றாலயத்தைக் காப்பது, பணம் சேரும்போது பக்கத்து நிலத்தில் பெரிய ஆலயம் கட்டுவது. நாம் நம் பழைய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நம் மக்களுள் எத்தனையோ பேர் அச்சுவர்களுக்கிடையே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

அன்புக் குடும்பங்களே, கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். தோமையார் தொட்டுப் பார்த்தே விசுவசித்தார். நம் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்க ஒரு பழைய சுவராவது மிஞ்சியிருக்கட்டும்.