முதல் செலக்‌ஷன்

'கோச்சடையான்' வெளியானது 2014 மே 23, வெள்ளிக்கிழமை. நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்தோம். ஆம்பூரில் பஸ் ஏறி வேலூர் வரைக்கும் போனது த்ரீடியில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மூக்குக் கண்ணாடி உண்டு. அதன்மேல் தியேட்டர்காரர் கொடுத்த கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, அது நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் டீ வாங்கி வந்து, "எப்படிப்பா கீது?" என்றேன். கண்ணாடி இரண்டையும் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோட்டிங் ஜாஸ்திடா."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பத்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ விமர்சனங்களில் இவ்வளவு துல்லியமான ஒரு வரியைப் பார்க்கவில்லை.

அப்பா டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தவர். அவருடைய வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் அந்த வரி புரியும். மாடோ ஆடோ உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு நடந்ததெல்லாம் தோலில் இருக்கும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, அம்மை வடு, நுகத்தடி அழுத்திய தழும்பு, சூடு போட்ட அடையாளம். உப்புத்தோலாக வரும்போது முடியும் அழுக்கும் மறைத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்பில் ஊறி, முடி போய், குரோமில் பதனாகி, நீலமாக வெளியே வந்த பிறகு எல்லாம் தெரிந்துவிடும். அப்போது தரம் பிரிப்பார்கள். அதற்குப் பெயர் செலக்‌ஷன். வடு குறைவான தோல் முதல் செலக்‌ஷன். அதற்குச் சாயம் மட்டும் போதும். மேலே கண்ணாடி மாதிரி மெல்லியதாக ஒரு பூச்சு போட்டு அனுப்பிவிடுவார்கள். வெளிச்சம் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போய், தோலின் சொந்த ரேகையில் பட்டுத் திரும்பி வரும். கையில் எடுத்து லேசாகச் சாய்த்தால் நிறம் ஆழமாக இருக்கும். மூன்றாவது நான்காவது செலக்‌ஷன் தோல் என்றால் கதை வேறு. எமரியில் தேய்த்து மேல் ரேகையையே எடுத்துவிட்டு, கெட்டியான பிக்மென்ட்டை ஸ்ப்ரே செய்து, சூடான பிளேட்டில் அழுத்திப் பொய்யான ரேகையை அச்சடிப்பார்கள். வடு ஒன்றும் தெரியாது. ஆனால் வெளிச்சமும் மேலேயே நின்றுவிடும்.

கோச்சடையானில் ரஜினியின் முகம் அப்படித்தான் இருந்தது. வெளிச்சம் மேலேயே நின்றுவிட்டது.

இதற்கு என் தொழில் பக்கத்திலிருந்தும் ஒரு விளக்கம் உண்டு. மனிதத் தோல் முழுக்க ஒளி புகாத பொருள் இல்லை. விழுகிற ஒளியில் ஒரு பகுதி உள்ளே போய், சதையிலும் ரத்தத்திலும் சிதறி, சற்றுத் தள்ளி வேறு இடத்தில் வெளியே வருகிறது. வெயிலுக்கு எதிராகக் காதை வைத்தால் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். இதைக் கணினியில் விரைவாகக் கணக்கிடும் ஒரு வழியை 2001இல் ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் கொல்லம் நமக்கு உயிருள்ள ஜந்துவாகத் தெரிந்ததற்கு இந்த வகைக் கணக்கும் ஒரு காரணம். இந்தச் சிதறலைச் சரியாகச் செய்யாவிட்டால் எந்த முகமும் மெழுகு பொம்மையாகிவிடும். கல்லூரியில் இதைப் படித்திருந்தேன். அப்பா ஸ்ப்ரே கன் பிடித்த கையால் தெரிந்துவைத்திருந்தார்.

படம் ஏன் இப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2011 ஏப்ரல் 29 அன்று கே.எஸ்.ரவிக்குமார் இயக்கவிருந்த 'ராணா' தொடங்கிய நாளிலேயே ரஜினி மருத்துவமனைக்குப் போனார். பிறகு சிங்கப்பூரில் சிகிச்சை. ஜூலையில்தான் ஊர் திரும்பினார். எங்கள் தெருவில் மூன்று மதத்துக்காரர்களும் அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். 'ராணா' நின்றுபோனது. அந்த ஆண்டின் இறுதியில் 'கோச்சடையான்' அறிவிக்கப்பட்டது. கதை ரவிக்குமார், இயக்கம் ரஜினியின் இளைய மகள் சௌந்தர்யா. அவர் அதற்கு முன்பே அப்பாவை வைத்து 'சுல்தான் தி வாரியர்' என்ற அனிமேஷன் படத்தைத் தொடங்கி, அது முடியாமல் போயிருந்தது. குதிரை ஏறவும் வாள் வீசவும் அப்பாவின் உடம்பு இனி இடம் கொடுக்காது என்கிற நேரத்தில், அந்த உடம்பைக் கேட்காமலேயே அவரைப் போர்க்களத்துக்கு அனுப்ப ஒரு மகள் கண்டுபிடித்த வழி இந்தப் படம். தாய் லதாவும் இதில் ஒரு பாட்டு பாடியிருக்கிறார். இந்தியாவின் முதல் மோஷன் கேப்சர் படம் என்று போஸ்டரில் போட்டார்கள். எனக்கு அது ஒரு குடும்பம் தன் மனிதரைப் பத்திரப்படுத்த முயன்ற படமாகத்தான் இப்போது தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதை நல்ல கதை. கலிங்கபுரியின் தளபதியாக வளர்ந்த ராணா, கோட்டைப்பட்டினத்தின் மீது படையெடுத்துப் போகிறான். போன இடத்தில் தன் உண்மையான நோக்கத்தைக் காட்டுகிறான். அங்கிருந்து பின்னோக்கிப் போய் அவன் தந்தையின் கதை வருகிறது. கோட்டைப்பட்டினத்தின் தளபதி கோச்சடையானின் வீரர்கள் கடல் பயணத்தில் விஷ உணவு உண்டு சாகக் கிடக்கிறார்கள். மருந்து எதிரியிடம். வீரர்களையும் குதிரைகளையும் கப்பல்களையும் எதிரியிடம் விட்டுவிட்டுப் போனால் வீரர்கள் பிழைப்பார்கள், அடிமைகளாக. கோச்சடையான் ஒப்புக்கொள்கிறார், பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று. ஊர் திரும்பினால் துரோகி என்று மரண தண்டனை. ரஜினி படங்களில் நாயகன் இப்படி இரண்டு பக்கமும் தப்பாகிற ஒரு முடிவை எடுப்பது அபூர்வம்.

அந்தக் காட்சியில் அப்பா கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம் எனக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவு நீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத டேனரிகள் மூடப்பட வேண்டும் என்று ஆனது. தீர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அப்பா வேலை செய்த இடத்தில், பாதிப் பேர் நின்றுகொள்ள வேண்டும் அல்லது எல்லோரும் பாதிச் சம்பளம் வாங்க வேண்டும் என்றார்கள். தன் செக்‌ஷன் ஆட்களுக்காக அப்பா பாதிச் சம்பளத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். நாலு பேருக்கு வேலை தங்கியது. அதில் ஒருவர், "நீ முதலாளி ஆளாயிட்ட" என்று சொல்லி, அப்பாவின் சாவு வரைக்கும் அவரோடு பேசவில்லை. வந்து மாலை போட்டுவிட்டுப் பேசாமல் போனார்.

அந்தக் காட்சியில் கோச்சடையானின் முகத்தில் எல்லாம் வந்திருக்க வேண்டும். குரல் வருகிறது. ரஜினியின் குரலில் சோர்வும் கணக்கும் இருக்கின்றன. முகம் வரவில்லை. இந்தப் படத்தின் பெரிய குறை இதுதான். சண்டைக் காட்சியில் கால்கள் தரையைத் தொடாமல் வழுக்குவதையும், துணி தகரம் மாதிரி ஆடுவதையும், கப்பலுக்கு எடையே இல்லாததையும் மன்னித்துவிடலாம். முடிவெடுக்கிற ஒரு மனிதனின் முகம் காலியாக இருப்பதை மன்னிக்க முடியவில்லை. மோஷன் கேப்சரில் மூட்டுகளின் மேல் புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் நிற்கும் கேமராக்கள் அவற்றின் நகர்வைப் பதிவு செய்கின்றன. முழங்கையும் முட்டியும் நன்றாகவே கிடைத்துவிடும். கண்ணுக்குள் புள்ளி ஒட்ட முடியாது. தவிர, பதிவில் வரும் சிறு நடுக்கங்களை இரைச்சல் என்று மென்பொருளில் வழித்து எடுப்பார்கள். ரஜினியின் ஸ்டைல் என்று நாம் சொல்வதே அந்தச் சிறு நடுக்கங்கள்தானே? தலையை வெடுக்கென்று திருப்புவது, முடியைக் கோதிய கை பாதியில் நின்று வேகமாக இறங்குவது. இந்தப் படத்தில் அப்படித்தான் வழித்தார்களா என்று சொல்லவரவில்லை. திரையில் தெரிவது வழித்தெடுத்த ரஜினி.

அப்பாவின் ரஜினி வேறு ஆள். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' வந்தது 1978. அதில் வரும் காளி விஞ்ச் ஓட்டுபவன், ஒரு கையை இழப்பவன். மெஷினில் கை போனவர்களை அப்பாவும் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தில் ரஜினியின் கறுப்பில் வியர்வையும் எண்ணெயும் மின்னும். கன்னத்துப் பள்ளம் வரை தெரியும். "அது முதல் செலக்‌ஷன் தோல்டா" என்றார் அப்பா, திரும்பி வரும் பஸ்ஸில். "கோட்டிங் போடறது தப்பில்ல. மூணாம் நம்பர் தோல வேற எப்படி விக்கிறது? நானே அதுல சாப்பிட்டவன்தான். நல்ல தோலுக்குப் போட்டா தான் வயிறு எரியும்."

அனிமேஷன் என்றாலே இப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யூகோ சாகோ தயாரிப்பில் ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து செய்த ராமாயணம் 1992இல் முடிந்த படம். கையால் வரைந்தது. 2025 ஜனவரியில் அது மறுபடி தியேட்டருக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். ராமன் முகத்தில் நாலைந்து கோடுகள்தான். ஆனால் வனவாசம் கிளம்பும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கோடுகள் தங்களைத் தோல் என்று சொல்லிக்கொள்வதில்லை, அதனால் மிச்சத்தை நம் மனசு போட்டுக்கொள்கிறது. கோச்சடையான் தன்னைத் தோல் என்று சொல்லிக்கொண்டது. அந்த வாக்கைக் காப்பாற்றும் அளவுக்கு அதற்குக் கருவியும் காலமும் இல்லை. அறுபதைத் தாண்டிய ஒருவரைச் சுருக்கமில்லாமல் காட்டுவதற்குப் பதிலாக, வரைந்த கோட்டில் காட்டியிருந்தால் இந்தக் கதை தப்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ரசிகர்கள் கேட்டது ரஜினியின் முகத்தை. மகள் கேட்டதும் அதைத்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு வீடியோ. அப்பா போய் நாலாவது வருஷ நினைவு நாளுக்கு என் சித்தப்பா பையன் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை ஏதோ ஒரு ஆப்பில் கொடுத்திருக்கிறான். அப்பா தலையைத் திருப்புகிறார், சிரிக்கிறார், கை கூப்புகிறார். பல் தெரியச் சிரிக்கிறார். எந்தப் போட்டோவிலும் அவர் பல் தெரியச் சிரித்ததில்லை. இடது கன்னத்தில் சுண்ணாம்புத் தண்ணி தெறித்து ஒரு வடு இருந்தது. ஆப் அதை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது. கூப்பிய கைகளில் விரல்கள் வழவழ என்றிருந்தன. அவருடைய விரல் ரேகை முப்பது வருட வேலையில் தேய்ந்து, கடைசி நாட்களில் ரேஷன் கடை மெஷின் அவரை ஆளாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாதான் போய்ப் பொருள் வாங்குவார்.

எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு போன் போட்டுக் கத்தத்தான் எடுத்தேன். அதற்குள் அம்மா என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். "அது அப்பா இல்லம்மா" என்றேன். "தெரியாதா எனக்கு? அவரு எப்ப இப்படிச் சிரிச்சாரு. நீ போடு."

அன்று இரவு கோச்சடையானை மறுபடி பார்த்தேன். 2014இல் நான் கவனிக்காத ஒருவர் அதில் இருந்தார்: நாகேஷ். 2009இல் இறந்தவர். படத்தில் கணினியில் செய்த உடம்போடு, வேறொருவர் குரலோடு நடமாடுகிறார். அன்று அது ஒரு வேடிக்கைச் செய்தி. பத்து வருடத்தில் வழக்கமாகிவிட்டது. 2024இல் 'லால் சலாம்' பாட்டுக்காக பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் கொண்டுவந்தார். அதே வருடம் 'கோட்' படத்தில் விஜயகாந்த் தோன்றினார், பவதாரிணி பாடினார். கோச்சடையான் தோற்ற படம் என்று சொல்கிறோம். அது திறந்த கதவு வழியாகத்தான் எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறோம். இன்றைய கருவிகளில் தோல் சரியாக வந்துவிடும். ஒளி உள்ளே போய்ச் சிதறித் திரும்பும். கோட்டிங் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதை வடு என்று வைத்துக்கொள்வது, எதை அழுக்கு என்று துடைப்பது என்பதை அப்போதும் யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

சௌந்தர்யாவுக்குத் தன் அப்பாவைத் தெரியும். அதனால்தான் அந்தப் படத்தை என்னால் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. எஸ்.பி.பி. பாடும் இடங்களிலும், கோச்சடையான் தாண்டவம் ஆடும் காட்சியிலும், உடம்பு சரியில்லாமல் கிடந்த ஒருவரை எழுப்பி நிற்க வைத்துவிட வேண்டும் என்கிற துடிப்பு தெரிகிறது. அது பொய்யில்லை. கதையையும் குரலையும் பாட்டையும் இந்தத் துடிப்பையும் ஒரு தட்டில் வைப்பேன். இன்னொரு தட்டில் அந்த முகம். படமாகப் பார்த்தால் முகம்தான் கனக்கிறது.

தம்பியிடம் கத்தவில்லை. அந்த ஒரிஜினல் போட்டோவை மட்டும் அனுப்பச் சொன்னேன். பெரிதாகப் பிரின்ட் போட்டு, கன்னத்து வடு தெரிகிற மாதிரி, ஹாலில் மாட்டினேன். அம்மா தினமும் அதற்குப் பூ வைக்கிறார். ராத்திரி படுக்கப் போகும் முன் போனை எடுத்து வீடியோவையும் ஒருமுறை ஓட்டுகிறார்.