ஒரு வீடு, ஒரு கைப்பேசி



தொழில்நுட்பம் வந்தால் ஏழை பணக்காரர் வேறுபாடு மறைந்துவிடும் என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். செலாயாங் வட்டாரத்தில் கற்பிக்கும் நான் இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை.

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, மடிக்கணினியையும் எல்.சி.டி. கருவியையும் அரசாங்கமே பள்ளிகளுக்கு வழங்கியது. வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே திரையைப் பார்த்தனர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் வகுப்பறை வீட்டுக்குப் போயிற்று; கருவியின் செலவு பெற்றோர் தலையில் விழுந்தது. ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கு முள்வேலியே போட்டார்கள். நாட்கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இணையக் கட்டணமும் அரிசி விலையும் ஒரே பணப்பையிலிருந்துதான் போக வேண்டும்!

வீட்டில் ஒரு கைப்பேசி, பிள்ளைகளோ மூவர். தந்தை வேலைக்குத் திரும்பியபோது கைப்பேசியும் உடன் சென்றது. பாடங்கள் இரவு பத்து மணிக்குப் புலனத்தில் வந்து சேர்ந்ததற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது முறையாகாது.

2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளின் மாணவர்களுக்கு 150,000 மடிக்கணினிகள் அறிவிக்கப்பட்டன. நல்ல முயற்சிதான், எல்லா வீட்டுக்கும் அது எட்டாது.

பள்ளி திறந்து ஆண்டுகள் கடந்தும் இடுபணிகளைப் புலனத்தில் அனுப்பும் வழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. அனுப்புமுன் அவ்வீட்டில் எத்தனை கருவி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டறிவோம். இல்லாதவர்க்குத் தாளில் அச்சிட்டுக் கொடுப்போம்; இரண்டு நாள் கூடுதல் அவகாசமும் தருவோம்.

பெற்றோர்களே, "எங்களிடம் ஒரு கைப்பேசிதான் உள்ளது" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.