புறாக்கள் அமர்ந்த போத்தல்

மலர் மணமுள்ள வாசனைத் திரவியம் எதுவாயினும் அது காதல் வயப்பட்ட இளம் பெண்ணுக்கே உரியது என்று கூறிவிடுகின்றனர். நினா ரிச்சி நிறுவனத்தின் 'லேர் டு தாம்' பற்றிய பேச்சும் இதுவே. எனக்கு உடன்பாடில்லை.

உலக யுத்தம் ஓய்ந்து மூன்றே ஆண்டுகளில், 1948இல், பிரான்சிஸ் ஃபாப்ரோன் ஆக்கியது அது. 1951இல் மார்க் லாலிக் அதன் போத்தல் மூடியில் இணைப்புறாக்களை அமர்த்தினார். ரோஜாவும் மல்லிகையும் இருப்பினும் முன்னிற்பது கார்னேஷன் மலரே. அதன் மணத்தில் நமது கராம்பின் காரம் உண்டு. இரண்டிலும் உள்ள யூஜினோல்தான் காரணம். அக்காரம் இல்லையேல் இது வெறும் தித்திப்பு.

யுத்தச் செய்திகள் பல எழுதிய எனக்கு, இழப்புகளைக் கண்ட பின்னரும் மாலையில் தலைவாரி, நல்ல சேலை உடுத்திப் புறப்படும் பெண்ணே நினைவில் எழுகிறாள். அவளுக்கு அறுபது வயதாகவும் இருக்கலாம்.